லடாக் பைக் பயணம்: கிளம்பும் முன் ஆர்.சி. புக்கில் யார் பெயர் என்று பாருங்கள்

லடாக் போக வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிற பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணா, இந்த வண்டி மலை ஏறுமா?" என்பதுதான். ஏறும். நூறு சிசி வண்டியில் போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறது? பாதிப் பேர் "அப்பா பேர்ல இருக்கு", "மாமா வண்டி", "செகண்ட் ஹாண்ட்ல வாங்கினது, இன்னும் பேர் மாத்தல" என்பார்கள். ஏதோ சின்ன விஷயம் போலச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது 15 லட்சம் ரூபாய் விஷயம்.

வண்டி இன்சூரன்ஸோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாய விபத்துக் காப்பீடு என்று ஒன்று உண்டு. இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சமாக இருந்த தொகையை, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2018இல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். ஓட்டுகிறவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு முழுத் தொகை. இரண்டு கை, இரண்டு கால் அல்லது இரண்டு கண் போனாலும் முழுத் தொகை. ஒன்று போனால் பாதி. யார் மீது தப்பு என்ற கேள்வியே இதில் கிடையாது. மலைப்பாதைக்கு இதுதான் முக்கியம். அங்கே எதிரில் யாரும் வந்து மோதுவதில்லை. சரளைக் கல்லில் முன்சக்கரம் வழுக்கிப் பள்ளத்தில் விழுகிறோம். வழக்குப் போட எதிராளியே இருக்க மாட்டான்.

ஆனால் இந்தப் பணம் கிடைக்க மூன்றும் பொருந்த வேண்டும். ஓட்டியவர் பெயரில் ஆர்.சி. இருக்க வேண்டும், அவர் பெயரில் பாலிசி இருக்க வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஒரு ரூபாய் வராது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பையன் அக்கா வீட்டுக்காரரின் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மணாலி-லே சாலையில் சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டி ஒரு வளைவில் விழுந்தான். அவன் அப்பாவோடு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு நானும் போனேன். முதல் தடவை இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டாவது தடவை வாரிசுச் சான்றிதழ். பிறகு எஃப்.ஐ.ஆரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதற்கு நோட்டரி கையெழுத்து. ஐந்தாவது தடவை இரண்டு வரிக் கடிதம் கொடுத்தார்கள்: இறந்தவர் வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளர் அல்ல. சட்டப்படி அந்தக் கடிதம் சரி. ஆனால் முதல் நாள் ஆர்.சி. நகலைப் பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு எட்டு நாள் நடந்தார் அந்த மனிதர்.

நீதிமன்றத்துக்குப் போனால் கிடைக்காதா என்று கேட்பீர்கள். இரவல் வண்டி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அந்த வண்டியின் இன்சூரன்ஸிலேயே மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது. அந்தக் கதவும் அடைத்தாகிவிட்டது.

அதனால் இரண்டு வழி. பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கிறதென்றால் பெயரை மாற்றுங்கள். படிவம் 29, படிவம் 30. வண்டிக் கடன் முடிந்திருந்தால் படிவம் 35உம் வங்கியின் தடையில்லாச் சான்றும். கடன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் வங்கி பெயரை நீக்காமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். நீக்காவிட்டால், வண்டி முழுசாக நொறுங்கும்போது இன்சூரன்ஸ் பணம் முதலில் வங்கியைத் தேடிப் போகும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவர் "நான் முடிச்சுத் தர்றேன்" என்பார். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், படிவத்தில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஆர்.சி.யில் பெயர் மாறியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த பொறி. இன்சூரன்ஸ் தானாக மாறாது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதி பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விபத்துக் காப்பீட்டை உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பழைய உரிமையாளர் கட்டியது அவருக்கானது, உங்களுக்கானது அல்ல.

நேரம் இல்லை என்றால் இரண்டாவது வழி: வண்டியோடு சம்பந்தமில்லாமல் உங்கள் பெயரிலேயே ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி. யார் வண்டியை ஓட்டினாலும் அது உங்களோடு வரும். இருசக்கர வண்டி ஓட்டுவதை விலக்கியிருக்கிறார்களா என்று மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூடவே வங்கிக் கணக்கில் பிரதமரின் சுரக்‌ஷா பீமா இருக்கிறதா பாருங்கள். வருடம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அது ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் பணம் பிடிக்கும்போது கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். லடாக் பாதை திறப்பதும் அந்த நேரத்தில்தான். எல்லாரும் கணக்கைத் துடைத்து ஜாக்கெட் வாங்குவதும் அந்த நேரத்தில்தான்.

"எனக்கு அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்குண்ணா" என்று சொல்பவர்கள் தனி ரகம். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குக்கு ஐந்து வருடம் என்பது தேர்ட் பார்ட்டி மட்டும். அதாவது நீங்கள் இடித்தால் அடுத்தவருக்குக் கிடைப்பது. உங்கள் வண்டிக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்தோடு முடிந்திருக்கும். 15 லட்சம் காப்பீடும் அப்படித்தான். ஷோரூமில் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் தனித்தனியே தேதி போட்டிருக்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் உயிரோடு இருக்கிற வண்டியில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்றால், அவருக்கும் ஒன்றும் இல்லை என்றே நிறுவனம் வாதாடும்.

லைசென்ஸ் தேதியையும் பாருங்கள். பழைய விதிப்படி 18 வயதில் எடுத்தவருக்கு 38 வயதில் முடிகிறது. கையில் காசு சேர்ந்து லடாக் போகிற வயதும் ஏறக்குறைய அதுதான். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு விடப் பதிவான வண்டி. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் யாரோ சொந்த வண்டியைத் திருட்டுத்தனமாக வாடகைக்கு விடுகிறார். விபத்து நடந்தால் நிறுவனம் கைவிரிக்கும், வாடகைக்கு விட்டவர் போனை எடுக்க மாட்டார். சரியான வாடகை வண்டியிலும் உரிமையாளர் நீங்கள் இல்லை, ஆகவே அந்த 15 லட்சம் இல்லை; மேலே சொன்ன தனி பாலிசி இங்கேயும் வேண்டும். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ டெல்லியிலோ எடுத்த வாடகை வண்டியில் லே வரை போகலாம். அதற்கு மேல் நூப்ரா, பாங்காங் போக உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தார் விட மாட்டார்கள்; லேயில் வேறு வண்டி எடுக்க வேண்டியிருக்கும். சொந்த வண்டி என்று சொல்லிவிட்டு ஆர்.சி.யில் வேறு பெயர் இருந்தால் அவர்களிடமும் பதில் சொல்ல வேண்டும். இரவல் வண்டி என்றால் உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும். வாடகைக்கு விடுகிறவர் அடமானமாக ஒரிஜினல் லைசென்ஸைக் கேட்டால் கொடுக்காதீர்கள். சாலையில் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

பெர்மிட் விஷயம் ஊரார் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. இந்தியக் குடிமக்களுக்கு உள்கோட்டு அனுமதி (எல்லையோரப் பகுதிகளுக்குப் போக முன்பு வாங்க வேண்டியிருந்த இன்னர் லைன் பெர்மிட்) வேண்டாம் என்று லடாக் நிர்வாகம் 2021 ஆகஸ்டிலேயே ஆணை போட்டுவிட்டது. சுற்றுச்சூழல் கட்டணம் மட்டும் தொடர்கிறது. இணையத்தில் நீங்களே கட்டி ரசீதை நாலைந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். இந்த ரசீதையே "பெர்மிட்" என்று சொல்லி ஏஜென்ட் தனியாகப் பணம் பிடுங்குவார். மணாலியில் ரோதாங் பெர்மிட் இல்லாமல் லே போக முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாய் மேலே ஏறிப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கூட வந்தால் கதை வேறு: ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும்.

ரயிலில் வண்டி அனுப்புகிறவர்களுக்கு. நம்மூரிலிருந்து சண்டிகர் வரை வண்டியை ஏற்றிவிட்டு அங்கிருந்து ஓட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் பார்சல் ஆபீஸில் கொடுக்கும் படிவத்தில் வண்டியின் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். கூட்டத்தில் யாரோ "அதெல்லாம் வேண்டாம் சார், காசு கூட ஆகும்" என்பார். மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், பார்சல் தொலைந்தாலும் உடைந்தாலும் ரயில்வே தர வேண்டியது கிலோவுக்கு அதிகபட்சம் 50 ரூபாய். 180 கிலோ வண்டிக்கு 9,000 ரூபாய். இரண்டு லட்சம் ரூபாய் வண்டிக்கு. இறங்கும் இடத்தில் டேங்க் நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடாதீர்கள். ஓபன் டெலிவரி, அதாவது ரயில்வே அதிகாரி முன்னால் சரிபார்த்துத் தருவது, வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சேதத்தைப் பதிவு செய்த பிறகே வண்டியைத் தொடுங்கள். இழப்பீட்டு நோட்டீஸ், வண்டியை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். "விசாரிக்கிறோம்" என்று அவர்கள் இழுப்பதிலேயே அந்த ஆறு மாதம் கரைந்துவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். மலையில் யாராவது இறந்தால், கூட வந்தவர்கள் உடலைச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுபோகவே நினைப்பார்கள். அங்குள்ளவர்களும் இரக்கப்பட்டு, பிரேதப் பரிசோதனை இல்லாமலே அனுப்பிவைக்க முன்வரலாம். வேண்டாம். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டும் இல்லாமல் எந்த விபத்துக் காப்பீடும் வராது, ஆறு மாதம் கழித்து அவற்றை உருவாக்கவும் முடியாது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: உயரத்தால் மூச்சுத்திணறி இறந்தால் அது நோய், விபத்து இல்லை என்றே நிறுவனம் சொல்லும். லேயில் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா படுத்திருங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், 2025இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் சாலை விபத்துக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு, அங்கீகரித்த மருத்துவமனைகளில். நம்மூர் "இன்னுயிர் காப்போம்" திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு மட்டும்தான், அதை நம்பிப் போகாதீர்கள். ஹெல்த் இன்சூரன்ஸ்காரர்கள் "சாகசப் பயணம், விலக்கு" என்று மறுத்தால் பாலிசியில் அந்த வரியை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். தொழில்முறையாகச் சாகச விளையாட்டில் ஈடுபடுகிறவருக்குத்தான் அந்த விலக்கு. லீவு போட்டுவிட்டு பைக்கில் போனவர் தொழில்முறை வீரர் ஆகிவிட மாட்டார்.

எந்த மறுப்பாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையில் "வராது சார்" என்பதற்கு மதிப்பில்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பதில் வராவிட்டாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, 50 லட்சம் வரை உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கடைசியாகச் சில விஷயம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி. சட்டப்படி செல்லும், ஆனால் சிக்னல் இல்லாத சாவடியில் அதை எப்படித் திறப்பீர்கள்? காகித நகல் வேண்டும். மணாலியிலிருந்து போகிறவர்கள் தண்டியில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு லே பக்கம் போகும்வரை பங்க் கிடைப்பது அரிது. கூடுதல் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடிக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை எடுத்துப் போகச் சட்டம் விடுகிறது, இறுக மூடிய உலோகக் கேனில். அதே கேனைத் திரும்பும்போது ரயிலில் வண்டியோடு கட்டி அனுப்பப் பார்க்காதீர்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோலையே கடைசிச் சொட்டு வரை வடிக்கச் சொல்வார்கள்.