டிராய் கூட்டத்துல மைக் கிடைச்சா சொந்தப் புகார ஆரம்பிக்காதீங்க

கன்ஸ்யூமர் கேஸ் நடத்துற வக்கீல் நான். டிராய்னா போன் கம்பெனிங்களுக்கு மேல இருக்கிற கோர்ட்டு, அங்க ஒரு மனு போட்டா கம்பெனிக்காரன் அலறியடிச்சு ஓடி வருவான்னு நெனச்சிட்டுதான் என்கிட்ட முக்காவாசி பேரு வர்றாங்க. அது கோர்ட்டு இல்ல, 1997 சட்டத்துல வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கட்டணம், சேவைத்தரம்னு எல்லாருக்கும் பொதுவான விதிய போடறதும் கம்பெனிங்க அத மதிக்குதான்னு பாக்கறதும்தான் அதோட வேலை, உங்க நம்பர்ல போன காச வாங்கித் தர்றது இல்ல. 2000-ல திருத்தம் பண்ணி டிடிசாட்னு ஒரு தீர்ப்பாயம் வந்துச்சு, தனி ஆளோட பில் சண்டைக்கு அங்கயும் எடமில்ல.

இது புரியாம போனா என்ன ஆகும்னு எழும்பூர் பக்கம் ஒரு ஓட்டல் ஹால்ல நடந்த ஓபன் ஹவுஸ் கூட்டத்துல, அதாவது விதி பத்தி டிராய் எல்லார்கிட்டயும் நேர்ல கருத்து கேக்கற கூட்டத்துல பாத்தேன். பெரம்பூர்க்காரர் ஒரு பெரியவர், ரயில்வேல ரிட்டயர் ஆனவரு, கேக்காத காலர் டியூனுக்கு காசு போயிட்டே இருக்குன்னு எஸ்எம்எஸ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து கட்டப்பையில போட்டுட்டு வந்து கம்பெனி ஆளுங்க உக்கார்ற வரிசையில உக்காந்துட்டாரு. மைக் அவர் கைக்கு வந்ததும் மேடையில இருந்த அதிகாரி எந்த கம்பெனின்னு கேட்டாரு, இவரு தன்னோட சிம்ம கேக்கறாங்கன்னு நெனச்சு கம்பெனி பேர சொல்லிட்டாரு. சரி, இந்த விதி பத்தி உங்க கருத்து என்னன்னு அடுத்த கேள்வி. "சுத்த திருட்டுப் பசங்க சார், தெனமும் காச உருவறாங்க"ன்னு இவரு ஆரம்பிச்சாரு பாருங்க, ஹாலே ஒரு செகண்ட் முழிச்சுது, நாலு சீட் தள்ளி இருந்த அந்த கம்பெனியோட அசல் ஆளு பாதி எழுந்து நின்னு "சார், இவரு எங்க ஆளு இல்ல"ன்னு கைய ஆட்டுறாரு, பெரியவருக்கு அது உங்க சிம்மே எங்களுது இல்லன்னு சொல்ற மாதிரி கேட்டுருச்சு போல, "வருஷக்கணக்கா இதே நம்பர்தான்யா வச்சிருக்கேன், நான் ஒங்க ஆளு இல்லையா?"ன்னு எகிறிட்டாரு.

எல்லாரும் சிரிச்சாங்க, அதிகாரி பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னாரு. அந்த கம்பெனி ஆளு வெளிய வந்து விசிட்டிங் கார்டு குடுத்தாரு, அவரு வேலை ரெகுலேட்டரி பிரிவு, கஸ்டமர் புகாருக்கும் அவருக்கும் சம்பந்தமே கெடையாது. பெரியவரோ டிராய் முன்னாடியே சொல்லியாச்சு, புகார் பதிவாயிடுச்சுன்னு வீட்ல போய் காத்துட்டு இருந்தாரு. என்கிட்ட வந்தப்போ கையில ஒரு டாக்கெட் நம்பர் கூட இல்ல, அதான் கம்பெனி புகார பதிஞ்சதும் குடுக்கற நம்பர், காசு மட்டும் போயிட்டே இருக்கு.

இந்த மாதிரி சேவைய நிறுத்த 155223, ஆக்டிவேட் ஆன 24 மணி நேரத்துக்குள்ள சொன்னா காசும் திரும்ப வரணும். புகாருக்கு 198, டாக்கெட் நம்பர் வாங்காம போன வைக்காதீங்க. சரியா தீக்கலைன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட அப்பீல் அத்தாரிட்டிக்கு போகணும், பீஸ் இல்ல, 39 நாள்ல முடிவு சொல்லணும். திருடன் கையிலயே சாவியான்னு கேப்பீங்க, எனக்கும் அதுல பெரிய நம்பிக்கை இல்ல, ஆனா அந்த பேப்பர் பின்னாடி கேஸுக்கு ஒதவும். பிரீபெய்டுன்னாலும் போன ஆறு மாச கணக்க கேட்டு வாங்கலாம், 50 ரூபாய்க்கு மேல கேக்கக்கூடாது. அதுக்கப்புறம் நுகர்வோர் ஆணையம். டெலிகாம் கேஸ் அங்க போகாதுன்னு 2009 தீர்ப்ப காட்டி ரொம்ப நாள் திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க, போகலாம்னு 2022-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், சேவைக்கு நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் பீஸ் இல்ல.

டிராய் கூட்டத்துக்கே போகாதீங்கன்னு சொல்லல, தாராளமா போங்க, கருத்து கேட்டு டிராய் வெளியிடற கன்சல்டேஷன் பேப்பர படிச்சிட்டு போய் காலர் டியூனுக்கு சம்மதம் வாங்குற முறையில எங்க ஓட்டை இருக்குன்னு பேசுங்க, அது எல்லாருக்கும் சேத்து விதிய மாத்தும்.

டிராய் நம்ம தனி நம்பர்ல கை வைக்கும்ங்கற இதே நெனப்புலதான் மோசடிக்காரனும் பொழைக்கறான், "டிராய்லேந்து பேசறோம், ரெண்டு மணி நேரத்துல உங்க நம்பர் கட்டாயிடும், 9 அமுத்துங்க"ன்னு வர்ற கால் எல்லாம் அந்த வகைதான். டிராய் யாருக்கும் அப்படி போன் பண்றதில்ல. கட் பண்ணிட்டு அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி சைட்ல, மோசடி கால சொல்றதுக்குன்னே இருக்கிற சக்ஷு பகுதியில ரிப்போர்ட் பண்ணுங்க, காசு போயிருந்தா ஒடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு போன் பண்ணுங்க.