நூல்கோர்ப்பி பழுதா? முதலில் ஊசியை மாற்றுங்கள்

ஊசிக் காதில் நூலைக் கோர்த்துத் தர, தையல் இயந்திரத்தில் ஊசியருகே லீவரோடு இருக்கும் சிறு கருவிதான் நூல்கோர்ப்பி. "நூல்கோர்ப்பி உடைந்துவிட்டது, மாற்றித் தாருங்கள்" என்று என்னிடம் வரும் வீட்டுத் தையல் இயந்திரங்களில் நான் முதலில் செய்வது, இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை மாட்டுவதுதான். பாதிக்கு மேல் அதோடு சரியாகிவிடும். வாடிக்கையாளர் முகத்தில் நிம்மதியும் வரும், கொஞ்சம் சந்தேகமும் வரும்.

இது ஏன் என்று தெரிய, நூல் இல்லாமல் லீவரை மெதுவாக இறக்கிப் பாருங்கள். நுனியில் உள்ள இரண்டு சிறு தகடுகள் ஊசியின் இருபுறமும் வந்து நிற்கும். அவற்றின் நடுவிலிருந்து மிக மெல்லிய கம்பிக் கொக்கி ஒன்று ஊசியின் பின்பக்கமாகக் காதுக்குள் நுழைந்து முன்னால் தலைகாட்டும். நூலை அந்தக் கொக்கியில் மாட்டி லீவரை விட்டால், அது நூலை ஒரு வளையமாகப் பின்னுக்கு இழுத்துச் செல்லும். அந்த வளையத்தை நீங்கள் பின்பக்கம் உருவிக்கொள்ள வேண்டும். ஊசிக் காது மயிரிழை இறங்கியிருந்தாலும் கொக்கி இரும்பில் முட்டும். அந்த நேரத்தில் லீவரை ஓங்கி அழுத்துகிறவர்கள்தான் எனக்கு வேலை கொடுக்கிறார்கள்.

காது இறங்குவதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஊசியை மேலே தடுப்பில் இடிக்கும்வரை ஏற்றாமல் திருகை முடுக்கியிருப்பார்கள். அல்லது தடித்த துணியைத் தைத்த அதிர்வில் திருகு தளர்ந்து, ஊசி நழுவியிருக்கும். ஊசி வளைந்திருந்தாலும் இதே கதைதான். கழற்றிய ஊசியின் தட்டையான பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நுனிவரை ஒரே சீராக இல்லையென்றால் ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தொழிற்சாலை இயந்திரத்துக்கான உருண்டைத் தலை ஊசியை வீட்டு இயந்திரத்தில் திணிப்பவர்களும் உண்டு. அதில் கொக்கிக்குக் காது அகப்படுவது எப்படி?

ஊசி எண்ணும் முக்கியம். 75/11 என்றால் தண்டின் தடிமன் 0.75 மில்லிமீட்டர், 11 என்பது அதே அளவுக்கான இன்னொரு எண். காது தண்டைவிடவும் குறுகியது. பெரும்பாலான நூல்கோர்ப்பிகள் 11 முதல் 16 வரையிலான ஊசிகளுக்கென்றே செய்யப்பட்டவை. 9ஆம் எண் ஊசியில் கொக்கி நுழையாது, நுழைக்கவும் முயலாதீர்கள். அலங்காரத் தையலுக்கான தடித்த நூலையும், கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலையும் கையாலேயே கோர்த்துவிடுங்கள்.

பலர் குழம்பும் இடம், துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதம். மேல்நூலை மேலிருந்து கொண்டுவரும்போது பாதம் தூக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கு நடுவே சரியாக அமரும். ஊசி வரை வந்தபின் பாதத்தை இறக்கிவிட்டு நூல்கோர்ப்பியைத் தொடுங்கள். அதற்குமுன் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி, ஊசியை உச்சிக்கு ஏற்றி, மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஊசியருகே விரல் இருக்கும்போது கால் மிதியில் பட்டுவிடக் கூடாது. லீவர் இறங்கியிருக்கையில் கைச்சக்கரத்தையும் அசைக்காதீர்கள். கொக்கி காதுக்குள் இருக்கும்போது ஊசி நகர்ந்தால் கொக்கிக்கு அத்துடன் முடிந்தது.

நூலை விறைப்பாக இழுத்துப் பிடிப்பது இன்னொரு வழக்கம். கொக்கி பின்வாங்கும்போது நூலும் கூடவே போக வேண்டும். விரலால் இலேசாகப் பிடித்தாலே போதும். இழுத்துப் பிடித்தால், முறுக்கிலிருந்து ஓரிரு இழையை மட்டும் கொக்கி பற்றிச் செல்லும். தைக்கத் தொடங்கியதும் நூல் பிரிந்து அறுந்துபோகும்.

பராமரிப்பு என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தகடுகளுக்கு நடுவே சேரும் பஞ்சை மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். எண்ணெய் மட்டும் விடவே வேண்டாம். அது பஞ்சைப் பிடித்துவைத்து, அடுத்த துணியிலும் கறையாக்கும்.

கொக்கி உண்மையிலேயே வளைந்திருந்தால், நுண்ணிய சாமணத்தால் நிமிர்த்திச் சில நாள் ஓட்டலாம். ஆனால் ஒருமுறை மடங்கிய கம்பி அதே இடத்தில் மறுபடி மடங்கும். பல மாடல்களில் நுனிப் பகுதி தனி உதிரிபாகமாகவே கிடைக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதை நம்பி வாங்காமல், இயந்திரத்தின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மாட்டியதும், புதிய 14ஆம் எண் ஊசியோடு, நூலில்லாமல் லீவரை இறக்கி, கொக்கி எதிலும் உரசாமல் காதின் நடுவே நுழைகிறதா என்று பார்த்த பிறகே நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள்.