பச்சை ரேஷன் புத்தகம்: போர்க்கால இங்கிலாந்தில் தாய்க்கும் சேய்க்கும் கிடைத்தவை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த இங்கிலாந்தில், கர்ப்பமான பெண் முதலில் வாங்க வேண்டியது ஒரு சான்று. டாக்டர், மருத்துவச்சி, வீடுவீடாக வந்து பார்க்கும் சுகாதாரச் செவிலியர், இவர்களில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். அதை உள்ளூர் உணவு அலுவலகத்தில் காட்டினால் பச்சை அட்டை போட்ட ரேஷன் புத்தகம் தருவார்கள். மற்ற பெரியவர்களுடையது வெளிர் பழுப்பு நிறம். பிறக்கும் குழந்தைக்கும் ஐந்து வயது வரை பச்சைதான்.

அந்தப் புத்தகம் இருந்தால் தினம் ஒரு பைண்ட் பால், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம், 2 பென்ஸுக்குக் கிடைக்கும். அப்போதைய கடை விலையில் பாதிகூட இல்லை. குடும்ப வருமானம் மிகக் குறைவு என்றால் காசே வேண்டாம். 1940 ஜூலையில் வந்த தேசியப் பால் திட்டம் இது. முட்டையும் இரட்டிப்புப் பங்கு. பழம் வந்தால் முன்னுரிமை. 1941 டிசம்பரில் சின்னக் குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் பிளாக்கரன்ட் என்ற சிறு கறுப்புப் பழத்தின் சாறும் சேர்ந்தன. பிறகு அமெரிக்காவிலிருந்து ஆரஞ்சுச் சாறு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பணக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் இதே புத்தகம்தான். போருக்கு முன்பே, 1918ஆம் ஆண்டின் தாய் சேய் நலச் சட்டம் பால் கொடுக்கவும் குழந்தை நல மையம் நடத்தவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்திருந்தது. ஆனால் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஊருக்கு ஊர் நிலைமை மாறியது, பெரும்பாலும் ஏழைகளுக்கான உதவியாகவே பார்க்கப்பட்டது. என்னைக் கேட்டால், போர் கொண்டுவந்த பெரிய மாற்றம் பாலைவிட, எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்பதுதான்.

பேறுகாலம் மட்டும் உள்ளாட்சியின் பொறுப்பிலேயே இருந்தது. 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சம்பளம் வாங்கும் மருத்துவச்சிகள் ஊருக்கு ஊர் கிடைக்க உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் மருத்துவ அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். அதை வைத்து, யாரும் விண்ணப்பிக்காமலே சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருவார்.

குண்டுவீச்சுக்கு அஞ்சிய நகரங்களுக்கு வேறு ஏற்பாடு. 1939 செப்டம்பர் தொடக்கத்தில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் வெளியேற்றப்பட்டார்கள். கிராமத்து மாளிகைகள் பிரசவ இல்லங்களாயின. லண்டன் நகரப் பிரசவ மருத்துவமனை இடம் மாறிய ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பிராக்கெட் ஹாலில், போர் முடிந்த பின்னும் அது இயங்கிய ஆண்டுகளைச் சேர்த்தால், 8,000க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன.

சரி, தாய் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனால்? போர்க்கால நர்சரியில் விடலாம், சாப்பாடு உட்பட நாளுக்கு ஒரு ஷில்லிங் (12 பென்ஸ்). நடத்தியது உள்ளாட்சி, செலவை ஏற்றது சுகாதார அமைச்சகம். வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால் வந்த தாராளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1946இல் மானியத்தைக் குறைத்ததும் பல நர்சரிகள் மூடப்பட்டன. திருமணமாகாத தாய்மார்களைக் கவனிக்கும்படி உள்ளாட்சிகளுக்கு அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது 1943இல்தான்.

உரிமை இருந்தும் எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கவில்லை. பாலை ஏறக்குறைய எல்லாரும் வாங்கினார்கள். ஆரஞ்சுச் சாறு பாதிப் பேருக்கும் குறைவாகத்தான் போய்ச் சேர்ந்தது, மீன் எண்ணெய் அதைவிடக் குறைவு. அந்த நாற்றத்தை நினைத்தால் ஆச்சரியமில்லை. ஆனாலும் இங்கிலாந்து, வேல்ஸில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1941இல் ஆயிரத்துக்கு 60 ஆக இருந்து, 1944இல் 45 ஆகக் குறைந்தார்கள்.