கான்ஸ்டபிள்: குதிரை லாயத்தில் பிறந்த சொல்

2023 செப்டம்பரில் வட அயர்லாந்தின் காவல் துறைத் தலைவர் சைமன் பர்ன் பதவி விலகினார். அவர் வகித்த பதவிக்குப் பெயர் சீஃப் கான்ஸ்டபிள். இந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகத் ‘தலைமைக் காவலர்’ என்று போட்டுவிடும். சீஃப் என்றால் தலைமை, கான்ஸ்டபிள் என்றால் காவலர், கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் தலைமைக் காவலர் என்றால் ஏட்டு. புகார் கொடுக்கப் போகிறவர்கள் ‘ஏட்டையா’ என்று கூப்பிடுகிறார்களே, அவர். பர்னோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகளுக்குத் தலைவராக இருந்தவர். நம் ஊர்க் கணக்கில் டி.ஜி.பி. மாதிரி. ஒரே ஒரு சொல்லில் அவரை ஏட்டாக்கிவிடுகிறோம்.

ஏட்டு என்றதும் ஏடு நினைவுக்கு வரும், ஏட்டில் எழுதுகிறவர் என்று சிலர் நினைப்பதும் உண்டு. உண்மையில் அது ஹெட் கான்ஸ்டபிளின் ‘ஹெட்’. மக்கள் நாவில் தேய்ந்து தமிழாகிவிட்டது. பின்பாதியான ‘கான்ஸ்டபிள்’ எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிய கதை.

லத்தீனில் ‘கோமெஸ் ஸ்டாபுலி’ என்று ஒரு பதவி இருந்தது. கோமெஸ் என்றால் முதலில் கூட வருபவர், பிறகு அரசரோடு இருக்கும் பிரபு. ஸ்டாபுலம் என்றால் லாயம். ஆக, ரோமப் பேரரசின் பிற்காலத்தில் அரச லாயத்துக்குப் பொறுப்பாளர். குதிரைப் படைதான் போரின் முதுகெலும்பு என்ற காலத்தில் லாயத்தைக் கையில் வைத்திருப்பவர் மெல்லப் படையையே கையில் எடுத்துக்கொள்வார். அப்படித்தான் பிரான்சில் ‘கொனெதாப்ல்’ என்பவர் அரசருக்கு அடுத்த படைத்தலைவர் ஆனார். 1627இல் அந்தப் பதவியை ஒழிக்கும் வரை அந்த அதிகாரம் நீடித்தது. மார்ஷல் என்ற சொல்லும் இதே மாதிரிதான்: அடியில் இருப்பது குதிரைச் சேவகன், மேலே நிற்பது தளபதி.

பிரான்சின் நார்மண்டியைச் சேர்ந்த நார்மானியர்களோடு கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போன சொல் அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை கோட்டை கொத்தளங்களில் தங்கியது. லண்டன் டவருக்கு இன்றும் ஒரு கான்ஸ்டபிள் உண்டு. இன்னொரு கிளை ஊருக்குள் இறங்கியது. 1285இல் வந்த வின்செஸ்டர் சட்டம், வட்டாரத்துக்கு இரண்டு கான்ஸ்டபிள்களை நியமித்து, ஊராரிடம் ஆயுதம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. அப்புறம் அது ஒவ்வொரு தேவாலயப் பங்கின் எல்லைக்குள்ளும் ஊரார் முறை வைத்துச் செய்யும் வேலையானது. சம்பளம் கிடையாது. ஓர் ஆண்டு ஒருவர், அடுத்த ஆண்டு இன்னொருவர். ஜெர்சி தீவில் 12 ஊர்ப் பிரிவுகளுக்கும் தலைவர்களாக இருப்பவர்களுக்கு இன்றைக்கும் கொனெதாப்ல் என்றுதான் பெயர்.

அரண்மனையிலிருந்து தெருவுக்கு வந்த இந்தப் பயணம் தமிழருக்குப் புதியதல்ல. ‘காவலன் காவான் எனின்’ என்று குறள் சொல்லும்போது காவலன் என்றால் அரசன். ‘கா’ என்ற வேரில் கிளைத்த காவலன் அங்கே பெரிய இடத்துச் சொல். இன்று அதே காவலர் சாலைச் சந்திப்பில் வெயிலில் நிற்கிறார். இப்படி ஒன்றுபோல வாழ்ந்த இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாக அமைந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பொருத்தம் அங்கே வரை சரி. சிக்கல் இதற்குப் பிறகு. 1829இல் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் மாநகரக் காவலை உருவாக்கியபோது பழைய ஊர்ச்சொல்லையே புதிய காவலருக்கும் வைத்தார்கள். படையைத் தெருவில் இறக்குகிறார்கள் என்ற அச்சம் மக்களிடம் இருந்தது. சீருடைக்குப் படையின் சிவப்பை விட்டு நீலத்தை எடுத்ததும் அதனால்தான். பெயரோடு பழைய சட்ட நிலையும் கூடவே வந்தது. பிரிட்டனில் கான்ஸ்டபிள் என்பது அடிநிலைப் பதவியின் பெயர் மட்டுமல்ல. அடிநிலையில் இருப்பவர், சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர், சீஃப் கான்ஸ்டபிள், லண்டன் மாநகர ஆணையர் என எல்லோரும் சட்டத்தின் கண்ணில் கான்ஸ்டபிள்களே. தோள்பட்டையில் என்ன ஏறினாலும் இறங்கினாலும் கைது செய்யும் அதிகாரம் அந்தப் பொறுப்பிலிருந்துதான் வருகிறது. பணியில் சேரும் நாளில் எடுக்கும் உறுதிமொழியும் அதற்கே.

இந்தப் பொறுப்பில் இருப்பவர் வழக்கமான பொருளில் யாருக்கும் ஊழியர் அல்ல. 1930இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரசபை மீது ஒரு வழக்கு. தவறாகக் கைது செய்யப்பட்ட ஒருவர் நகரசபையிடம் இழப்பீடு கேட்டார். கான்ஸ்டபிள் நகரசபையின் வேலையாள் அல்ல, சட்டம் தனக்குத் தந்த அதிகாரத்தைத் தானே செலுத்துபவர் என்று தீர்ப்பு வந்தது. மேலே இருப்பவர் சொன்னார் என்பதற்காக ஒருவரைக் கைது செய்ய முடியாது, தானே நம்பிச் செய்ய வேண்டும் என்ற கொள்கை இதில் அடங்கியிருக்கிறது. நல்ல கொள்கை. ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, கடந்த சில ஆண்டுகளில் பிரிட்டன் அதோடு முட்டி மோதிக்கொண்டிருக்கிறது.

2021 மார்ச்சில் லண்டனில் ஓர் இளம்பெண்ணை லண்டன் மாநகரக் காவலைச் சேர்ந்த ஒரு காவலரே, பணி நேரத்துக்கு வெளியே தன் அடையாள அட்டையைக் காட்டிக் கடத்திக் கொன்றார். அந்த அட்டைதான் கான்ஸ்டபிள் என்ற பொறுப்புக்குச் சான்று. நாடே அதிர்ந்தது. 2023 மார்ச்சில் ஆய்வு செய்து லூயிஸ் கேசி தந்த அறிக்கை, லண்டன் மாநகரக் காவலில் இனவெறியும் பெண்வெறுப்பும் ஒருபாலீர்ப்பினர் மீதான வெறுப்பும் அமைப்பிலேயே ஊறியிருக்கின்றன என்றது. தகாதவர்களை வெளியேற்ற, அவர்களின் பின்னணியை மறுபடி சோதித்து, தேறாதவர்களின் அனுமதியைப் பறித்து, அதையே காரணமாக வைத்து நீக்கத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் ஒரு சார்ஜன்ட் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. தனிப் பொறுப்பு வகிப்பவரை, விதிகள் காட்டும் நியாயமான வழியில்லாமல் நீக்க முடியாது என்பதே சாரம். அனுமதி பறிபோனவரை வேலைக்கும் அனுப்ப முடியாது, வீட்டுக்கும் அனுப்ப முடியாது என்ற நிலை. அரசு அவசரமாகப் புதிய விதிகளைக் கொண்டுவந்து 2025 மே மாதம் நடைமுறைப்படுத்தியது. இப்போது பின்னணிச் சோதனையில் தேறாதது நீக்கத்துக்கு முறையான காரணம். ‘காவலர்’ என்று மட்டும் எழுதிவிட்டால் இந்தச் சண்டை எதற்கு நடந்தது என்றே வாசகருக்குப் புரியாது.

அயர்லாந்தில் இதே சொல்லுக்குச் சுவை வேறு. 1836இல் நாடு முழுவதும் ஒரே அமைப்பாக்கப்பட்ட ஐரிஷ் கான்ஸ்டபுலரி, பாரக்கில், அதாவது படைக் குடியிருப்பில், தங்கித் துப்பாக்கி ஏந்திய படை. 1867இல் கிளர்ச்சியை அடக்கியதற்காக அதற்கு ‘ராயல்’ பட்டம் கிடைத்தது. லண்டனில் ஊர்க்காரர் போல ஒலிக்கப் பார்த்த சொல், ஐரிஷ் கிராமத்தில் ஆளவந்தவரின் துப்பாக்கியாக ஒலித்தது. நமக்கும் இதில் பங்குண்டு. 1843இல் சிந்து மாகாணத்தில் பிரிட்டிஷ் தளபதி சார்லஸ் நேப்பியர் அமைத்த காவலும், 1861ஆம் ஆண்டு இந்தியக் காவல் சட்டமும் அந்த ஐரிஷ் அச்சில்தான் வார்க்கப்பட்டன. நம் தெருவுக்கு வந்த கான்ஸ்டபிள் லண்டன் வழியாக வந்தவர் என்பதைவிட ஐரிஷ் பாரக் வழியாக வந்தவர் என்பதே பொருந்தும்.

அதனால் 1922இல் விடுதலை பெற்றதும் ஐரிஷ்காரர்கள் ஆளை மட்டுமல்ல, சொல்லையும் மாற்றினார்கள். அடுத்த ஆண்டு புதிய அமைப்புக்கு ‘கார்டா ஷீகானா’ என்று பெயர் வந்தது. ஷீகான் என்றால் அமைதி. முழுப்பெயருக்குப் பொருள் அமைதியின் காவலர். துப்பாக்கி இல்லாமல் ரோந்து போவது அங்கே இன்றும் வழக்கம். தனியாளும் கார்டாதான், பன்மை கார்டீ. 2025 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கார்டாக்கள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்புக்கும் ஐரிஷ் மொழியிலேயே ‘ஃபிஸ்ரூ’, அதாவது விசாரணை, என்று பெயரிட்டார்கள். சொந்த மொழியில் பெயர் வைப்பதை அவர்கள் விடவே இல்லை.

பிரிட்டனோடே இருந்துவிட்ட வட அயர்லாந்தில் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி 2001 வரை அந்தப் பெயரோடு இருந்தது. அங்கே காவலைச் சீர்திருத்த அமைந்த பேட்டன் குழு 1999இல் தந்த பரிந்துரைகளின்படி பெயரும் சின்னமும் மாறின. கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்று 2011 வரை ஆள் எடுத்தார்கள். கான்ஸ்டபிள் என்ற பதவிப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 2023 ஆகஸ்டில், ஒரு தகவல் உரிமை மனுவுக்கான பதிலோடு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர், பணியாளர் அனைவரின் பெயர்ப் பட்டியலும் தவறுதலாக வெளியாகிவிட்டது. காவலில் வேலை பார்ப்பதை அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் மறைத்து வாழ்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். பர்ன் பதவி விலக நேர்ந்த நெருக்கடிகளில் அதுவும் ஒன்று.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? அடிநிலைப் பதவிக்குக் ‘காவலர்’ போதும். எல்லா நிலைக்கும் பொதுவான அந்தச் சட்ட நிலையைச் சொல்லும்போது ‘காவலர் பொறுப்பு’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. சீஃப் கான்ஸ்டபிளைக் ‘காவல் துறைத் தலைவர்’ என்றால் குழப்பம் தீரும். கான்ஸ்டபுலரி ‘காவல் படை’. கார்டாவை அப்படியே விட்டு, முதல் முறை வரும்போது ‘அமைதிக் காவலர்’ என்று விளக்கலாம். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்றதும் சிறப்புப் படை என்று எழுதிவிடாதீர்கள். சம்பளமில்லாமல், ஆனால் முழு அதிகாரத்தோடு பணியாற்றும் தன்னார்வலர் அவர். நம் ஊர்க்காவல் படையினர் நினைவுக்கு வரலாம். இதற்கு நேர்மாறாக, 2002ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய சமூகக் காவல் உதவியாளருக்குச் சீருடையும் சம்பளமும் உண்டு, காவலர் பொறுப்பு கிடையாது. 13,000 பேரைப் புதிதாகத் தெருக்காவலுக்கு அனுப்புவோம் என்று பிரிட்டிஷ் அரசு சொல்லும் கணக்கில் காவலர், ஸ்பெஷல் கான்ஸ்டபிள், உதவியாளர் என மூன்று வகையினரும் சேர்ந்தே இருக்கிறார்கள். செய்தியில் ‘13,000 காவலர்கள்’ என்று எழுதினால் அது தவறு.

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒருவர் பணியேற்கும்போது சொல்லும் உறுதிமொழியின் தொடக்கத்தை இப்படிப் பெயர்த்துப் பார்த்தேன்: “காவலர் பொறுப்பில் நேர்மையோடும் நாணயத்தோடும் ஊக்கத்தோடும் பாரபட்சமின்றியும் அரசருக்குப் பணியாற்றுவேன்; அடிப்படை மனித உரிமைகளைக் காப்பேன்; எல்லா மக்களுக்கும் சமமான மதிப்பளிப்பேன்.”