கை பலத்த நம்பி செயின்சா புடிக்காதீங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செயின்சா ரிப்பேர் பாக்கறதும் புதுசா புடிக்கிற பசங்களுக்குப் பழக்கி விடறதும்தான் என் பொழப்பு. போன வாரமும் ஒருத்தர் நெத்தியில தையலோட வந்தாரு. காத்துல சாஞ்ச ரம்புத்தான் மரம், ஆன்லைன்ல வாங்கின மெஷின். கேட்டா, "அண்ணே, எஸ்டேட்ல செம்பனக் குலை தூக்கின கை இது, எப்படி வழுக்குச்சுனே தெரியல"ங்கிறாரு.

வழுக்கல. அது கிக்பேக். செயின் சுத்தி ஓடற நீட்டு தகடுதான் பார், அதோட நுனிதான் மூக்கு. ஓடறப்ப மூக்கோட மேல் பக்கம் எதையாவது தொட்டா பார் எகிறி உங்க மூஞ்சிக்குத்தான் வரும். சாஞ்ச மரத்துல நீங்க ஒரு கிளைய வெட்ட, மூக்கு பின்னால மறைஞ்சிருக்கிற இன்னொரு கிளையில இடிக்கும், அது உங்க கண்ணுக்கே தெரியாது.

திரும்பத் திரும்ப இந்த ஒரே பேச்சுதான், "இறுக்கிப் புடிச்சா ஒண்ணும் ஆகாது." ஐயா, எகிறறதுக்கு ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது, கண்ணு பார்த்து மூளை சொல்லி கை அசையறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், அதுவும் உங்கள இழுக்கறது உங்க பலம் இல்ல, ஃபுல் ஸ்பீடுல ஓடற எஞ்சினோட பலம். இறுக்கிப் புடிக்கணும்தான், பெருவிரல் ஹேண்டிலுக்கு அடியில சுத்தி இருக்கணும்தான், அதனால எகிறற தூரம் குறையும், அவ்வளவுதான். எகிறாம இருக்கணும்னா மூக்கு எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டே வெட்டணும்.

"எகிறினா செயின டக்குனு நிறுத்த செயின் பிரேக் இருக்கே"ம்பாங்க. கவர கழட்டினா உள்ள மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியா அடைச்சிருக்கும், அது எங்க புடிக்கும்? தினமும் வேலைக்கு முன்னால டெஸ்ட் பண்ணுங்க. இன்னொண்ணு, வேகமா வெட்டும்னு பல்லுக்கு முன்னால இருக்கிற ரேக்கர சில பேரு இஷ்டத்துக்கு அராவிடறாங்க, பல்லு ஆழமா கடிச்சா கிக்பேக்கும் கூடத்தான் செய்யும்.

தோளுக்கு மேல தூக்கி வெட்டாதீங்க. ஏணியில நின்னு வேண்டவே வேண்டாம். பாட்டரி மினி மெஷின்தானேன்னு ஒத்தக் கையில ஆட்டாதீங்க, அதுக்கும் மூக்கு இருக்கு. தலை, கழுத்து பாருக்கு நேரா இருக்கக்கூடாது, கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்க. தனியா மட்டும் தோட்டத்துக்குள்ள போகாதீங்கப்பா, ரத்தம் கொட்டறப்ப ஆம்புலன்சுக்கு 999க்கு யாரு அடிப்பா?

மெஷின எங்க வாங்கினாலும் பரவால்ல, கொண்டாங்க, ஒரு கட்டைய வெச்சு அரை நாள் பழக்கி விடறேன், காசு வேணாம். கைலி கட்டிக்கிட்டு சிலிப்பர் போட்டுக்கிட்டு வந்தா மட்டும் மெஷின கையில தரமாட்டேன்.