சொல் விளக்கம்: சீன்

இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 60 முதல் 80 சீன் வரும் என்பது கோடம்பாக்கத்துக் கைக்கணக்கு. முதல் திரைக்கதை எழுதுபவர் இந்தக் கணக்கில்தான் முதலில் வழுக்குகிறார். கதையில் ஒரு சம்பவம் முடிந்தால் ஒரு சீன் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார். தாளில் சீன் என்பது ஓரிடம், ஒரு நேரம். இரண்டில் எது மாறினாலும் அடுத்த எண்.

சொல்லின் வேரும் இடத்தைத்தான் சொல்கிறது. கிரேக்கத்தில் ‘ஸ்கேனே’ என்றால் கூடாரம், குடில். திறந்தவெளி அரங்கின் பின்னால் நடிகர்கள் உடையும் முகமூடியும் மாற்றிக்கொண்ட குடிலுக்கு அந்தப் பெயர். பிறகு அதன் முகப்பே அரண்மனையாகவும் கோயிலாகவும் நடிப்புக்குப் பின்னணி ஆனது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. ‘சீன் போடாதே’ என்பது நாம் சேர்த்த பொருள்.

தமிழில் நிலைத்த சொல் ‘காட்சி’. ஆள் ஆட்சியானதுபோல காண் காட்சியாயிற்று. ஆனால் 1891இல் வெளியான மனோன்மணீயம் நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளை வேறு சொல்லை எடுத்தார்: 5 அங்கம் (பெரும்பிரிவு), அவற்றுக்குள் 20 களம். போர்க்களம், நெற்களம் எல்லாம் இடம்தானே. கிரேக்கச் சொல்லின் பொருளுக்குக் களமே நெருக்கம். காட்சி என்பது கண்ணில் படுவதைச் சொல்கிறது, இடத்தைச் சொல்வதில்லை. வழக்கில் ஊன்றிவிட்டதால் தாளில் ‘காட்சி’ என்றே எழுதலாம். எழுதும்போது களம் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

தலைப்பு வரி இப்படி இருக்கும்:

காட்சி 14 / உள் / செல்வி வீடு, சமையலறை / இரவு

சமையலறையில் கணவனுக்கும் செல்விக்கும் வாக்குவாதம். அவன் வாசலுக்கு வந்து பைக்கை உதைக்கிறான், தெருமுனை டீக்கடையில் போய் நிற்கிறான். கதைக்கு இது ஒரே சண்டை. தாளில் 14, 15, 16. சமையலறை செட்டாக இருக்கலாம், வாசலும் டீக்கடையும் வேறு வேறு ஊரில் கிடைக்கலாம். உதவி இயக்குநர் இடவாரியாகப் பிரித்துத்தான் ஷெட்யூல் போடுவார். மூன்றையும் 14க்குள் அடைத்தால், சமையலறை எடுக்கும் நாளில் டீக்கடைக்காரராக நடிப்பவர் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். டீக்கடை எடுக்கும் நாளில் அவருக்குச் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

போன் பேச்சும் அப்படித்தான். இரு முனையும் இரு இடம், ஆகவே இரண்டு எண். மாறி மாறி வரும் என்று ஒரு குறிப்பு போதும். நேரத்துக்குப் பகல், இரவு என்பதே பெரும்பாலும் போதும், ஒளிப்பதிவாளருக்கு வேண்டியது அதுதான். ‘காலை 10 மணி’ என்று எழுதினால், அது திரையில் தெரிய சுவரில் கடிகாரம் வேண்டும்.

ஷெட்யூல் போட்ட பிறகு புதிதாக ஒன்று நுழைந்தால் 14அ என்று கொடுங்கள். எண்களை மறுபடி வரிசைப்படுத்தினால் ஆடைப் பட்டியலும் கலைப் பொருள் பட்டியலும் வேறு வேறு எண்ணைக் காட்டும். சட்டை மாறிப்போனது எடிட்டிங் மேசையில்தான் தெரியவரும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஹாலிவுட் கணக்கை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். அது அவர்களுடைய பக்க அமைப்புக்கும் 12 புள்ளி அளவில் ‘கூரியர்’ என்ற எழுத்துருவுக்கும் வந்த கணக்கு. இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்று இரண்டாகப் பிரித்து எழுதும் நம் சீன் பேப்பருக்குப் பொருந்தாது. வசனத்தை வாய்விட்டுப் படித்து, செயலை நடந்து பார்த்து, கடிகாரத்தில் அளந்துகொள்ளுங்கள்.