ஈடுகட்டு வரி: ‘கவுன்டர்வெயிலிங் டியூட்டி’ என்ற சுங்கச் சொல்

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் வேலை பார்ப்பவரிடம் ‘சிவிடி’ என்றால் போதும், ‘கவுன்டர்வெயிலிங் டியூட்டி’ என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், 2017க்கு முன்பே தொழிலில் இருந்தவர் அதைக் கேட்டதும் ஒரு வரியை நினைப்பார். மானியத் தகராறு வழக்குகளைப் பார்க்கிறவர் வேறொரு வரியை நினைப்பார். பெயர் ஒன்று, வரி இரண்டு. மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் சறுக்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இதன் அசல் பொருள் தெரிய 1899ஆம் ஆண்டின் சர்க்கரை மூட்டைகளைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சொல் பிறந்த வழி

‘கவுன்டர்’ லத்தீனின் ‘கோன்த்ரா’விலிருந்து வந்தது, எதிரே என்று பொருள். ‘வெயில்’ என்ற பின்பாதிக்கு மூலம் ‘வலேரே’: வலுவாக இருத்தல், மதிப்புப் பெறுதல். ‘வேல்யூ’, ‘வேலிட்’ எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. இரண்டும் சேர்ந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, எதிர்த்தட்டில் அதே எடைக்கு நிற்பது என்ற பொருள் அமைந்தது. தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஏதோ ஏறியிருக்கிறது. மறு தட்டில் அதே அளவுக்குப் படிக்கல் வைக்கிறோம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

முதல் தட்டில் ஏறியிருந்தது ‘பவுன்டி’. நன்மை என்று பொருள்படும் லத்தீன் ‘போனிதாஸ்’தான் இதன் மூலம். பிறகு கொடை என்றாகி, கடைசியில் அரசு ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையைக் குறிக்கத் தொடங்கியது. இன்றைய பேச்சில் ஏற்றுமதி மானியம்.

பீட்ரூட்டுக்குள் ஒளிந்திருந்த மானியம்

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகிய நாடுகளில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் ஓங்கி வளர்ந்தது. இந்த மானியம் பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுத் தொடங்கியதல்ல என்பதுதான் வேடிக்கை. ஆலைக்குள் வரும் கிழங்கின் எடைக்கு வரி போட்டார்கள். சர்க்கரை ஏற்றுமதியானால் அந்த வரியைத் திருப்பித் தந்தார்கள். அதுவரை நியாயம்தான்.

எளிய எண்களில் பார்ப்போம். 100 கிலோ கிழங்குக்கு 1 காசு வரி. 1 கிலோ சர்க்கரைக்கு 12 கிலோ கிழங்கு தேவை என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. அப்படியானால் 100 கிலோ சர்க்கரை ஏற்றுமதிக்கு 12 காசு திரும்பக் கிடைக்கும். ஆலைக்காரர் இனிப்பு மிகுந்த கிழங்கைப் பயிரிடச் செய்து, இயந்திரத்தையும் மாற்றி, 10 கிலோவிலேயே 1 கிலோ சர்க்கரை எடுத்துவிடுகிறார். கட்டிய வரி 10 காசு, திரும்பி வருவது 12. மிச்சம் 2 காசு, எங்கும் ‘மானியம்’ என்று எழுதப்படாத மானியம். கிழங்கில் சர்க்கரைச் சத்து கூடக்கூட அரசின் கையிருப்பு கரைந்தது.

பிறகு ஜெர்மனி இந்த மறைமுக ஏற்பாட்டை விட்டு, வெளிப்படையாகவே தொகையை அறிவித்தது. 1896 சட்டப்படி 100 கிலோ கச்சாச் சர்க்கரைக்கு 2.50 மார்க், உயர்தரச் சுத்திகரித்த சர்க்கரைக்கு 3.55 மார்க். தொகை வெளியே தெரிந்ததும் எதிர்த்தட்டில் படிக்கல் வைப்பதும் எளிதானது.

இந்தியா போட்ட வரி

இந்த வரியை முதலில் போட்டது இந்தியா அல்ல. அமெரிக்கா 1890 சுங்கச் சட்டத்தில் மானியச் சர்க்கரைக்குக் கூடுதல் வரியைச் சேர்த்தது. 1897இல் மானியம் பெற்ற எந்தச் சரக்குக்கும் அதை விரித்தது. ஆனால் ஒரு குடியேற்ற நாட்டில், அதுவும் தடையில்லா வணிகத்தை வேதமாக ஓதிக்கொண்டிருந்த பிரிட்டனின் ஆட்சியில், இப்படி ஒரு சட்டம் வந்தது பெரிய செய்தி. கர்சன் வைஸ்ராயாக வந்த புதிதில், 1899 மார்ச்சில் இந்தியச் சுங்கவரித் திருத்தச் சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டு அரசு எவ்வளவு ஊக்கத்தொகை தந்ததோ அதே அளவுக்கு, வழக்கமான 5 விழுக்காட்டு வரிக்கு மேல், கூடுதல் வரி விதிக்கும் அதிகாரத்தை அது தந்தது.

அந்த அதே அளவுக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1899இல் ஒரு பிரிட்டிஷ் பவுனுக்கு 15 ரூபாய் என்று மாற்று விகிதம் நிலைப்பட்டது; ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 20.43 மார்க். ஆக ஒரு மார்க் சுமார் 11¾ அணா (16 அணா ஒரு ரூபாய்). 100 கிலோவுக்கு 2.50 மார்க் என்றால் 1 ரூபாய் 13 அணாவைக் கொஞ்சம் தாண்டும். அந்தர் கணக்கில், அதாவது 112 ராத்தலுக்கு (51 கிலோவுக்குச் சற்றுக் குறைவு), சுமார் 15 அணா. சுத்திகரித்த சர்க்கரைக்கு 1 ரூபாய் 5 அணா. இவ்வளவுதான் படிக்கல்.

இதையும் 1930களின் சர்க்கரை வரியையும் பக்கத்தில் வைத்தால் சொல்லின் எல்லை பளிச்சென்று தெரியும். 1932 சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டக் காலத்தில் ஒரு அந்தருக்கு 7 ரூபாய் 4 அணா வரி. அது பாதுகாப்பு வரி. உள்நாட்டு ஆலைகள் எழுந்து நிற்க வேண்டும் என்று அரசே முடிவு செய்த தொகை. வெளிநாட்டுக்காரன் மானியம் வாங்கினானா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. ஈடுகட்டும் வரியில் அந்தக் கேள்வி மட்டும்தான் எழும். இரண்டையும் ‘பாதுகாப்பு வரி’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடும் வழக்கம் பத்திரிகைகளில் உண்டு. அது பிழை.

1899 வரியால் கூடுதலாகப் பயன்பெற்றது இந்தியக் கரும்பு விவசாயி அல்ல, இந்தியாவுக்குச் சர்க்கரை அனுப்பி வந்த மொரீஷியஸ் தோட்ட முதலாளிதான் என்ற குறை அப்போதே எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டிய ஒப்பந்தக் கூலிகளில் தமிழரும் இருந்தார்கள்; வரியால் அவர்கள் கூலி உயர்ந்ததா என்பதை எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

பிரசல்ஸ் உடன்படிக்கையும் குடியேற்றங்களும்

ஆளுக்கொரு தராசு வைத்திருந்ததை ஒரே தராசாக்க 1902 மார்ச் 5ஆம் தேதி பிரசல்ஸில் சர்க்கரை உடன்படிக்கை கையெழுத்தானது. 1903 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நேரடி, மறைமுக ஊக்கத்தொகைகளை ஒழிக்க வேண்டும். சர்க்கரை ஆலைகள் இரவும் பகலும் வரி அதிகாரிகளின் கண்காணிப்பில் இயங்க வேண்டும். உள்நாட்டுச் சர்க்கரைக்கும் வெளிநாட்டுச் சர்க்கரைக்கும் உள்ள வரி வித்தியாசம் 100 கிலோவுக்குச் சுத்திகரித்ததில் 6 பிராங்க், மற்றதில் 5.50 பிராங்க் தாண்டக் கூடாது. ஊக்கத்தொகை தரும் நாட்டின் சர்க்கரைக்குத் தண்ட வரி போட வேண்டும், அல்லது அதை நுழையவே விடக் கூடாது.

6 பிராங்க் வரம்பு எதற்கு? அரசு ஒரு காசும் தராமலே மானியம் உண்டாக்க வழி இருந்தது. வரிச் சுவரை உயர்த்தி வெளிச் சர்க்கரையைத் தடுத்துவிட்டு, உள்நாட்டு ஆலைகள் கூட்டுச் சேர்ந்து சொந்த மக்களிடம் கூடுதல் விலை வாங்கும். அந்த லாபத்தில் ஏற்றுமதிச் சர்க்கரையை மலிவாகத் தள்ளும். இதற்குக் ‘கார்ட்டெல்’ என்று பெயர். சுவரைக் குட்டையாக்கினால் கூட்டு தானே உடையும் என்பது கணக்கு. இந்தியாவும் 1902இல் இன்னொரு திருத்தம் கொண்டுவந்து, கார்ட்டெல் வழியாக வரும் மறைமுக மானியத்துக்கும் வரி போட வழி செய்துகொண்டது.

குடியேற்றங்கள் பற்றிய 11ஆம் பிரிவை மேலோட்டமாகப் படித்தால் ஏமாந்துபோவோம். உடன்படிக்கை எல்லாக் குடியேற்றங்களுக்கும் பொருந்தும் என்று தொடங்கி, பிரிட்டிஷ், டச்சுக் குடியேற்றங்களுக்கு விலக்கு என்கிறது. அந்த விலக்கிலிருந்து 5, 8ஆம் பிரிவுகளை எடுத்துவிடுகிறது; அதாவது அந்த இரண்டும் அங்கேயும் பொருந்தும். 5ஆம் பிரிவு, உறுப்பு நாடுகளின் சர்க்கரையை மிகக் குறைந்த வரியில் அனுமதிப்பது பற்றியது. 8ஆம் பிரிவு, மானியச் சர்க்கரை இடைவழித் துறைமுகம் வழியே புகுந்து உடன்படிக்கையின் பலனை அடைந்துவிடாமல் தடுப்பது. இவை தவிர, தன் நேரடிக் குடியேற்றங்களில் ஊக்கத்தொகை தருவதில்லை என்று பிரிட்டன் தனியே உறுதி கூறியது. தன்னாட்சிக் குடியேற்றங்களும் இந்தியாவும் விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம் என்று விடப்பட்டது.

8ஆம் பிரிவின் கனம் ஹாங்காங் போன்ற ஊரில்தான் தெரியும். அது வரியில்லாத் துறைமுகம். சுங்கம் வசூலிக்காத ஊரில் ‘வரி போடு’ என்றால் யார் போடுவது? அதே ஊரில், ஜாவா, பிலிப்பைன்ஸ் கச்சாச் சர்க்கரையைச் சுத்திகரித்து அனுப்பும் இரண்டு பெரிய ஆலைகள் இருந்தன. அங்கே 1904இல் சர்க்கரை உடன்படிக்கைக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். அங்கு உடன்படிக்கை விதி வருமானத்துக்காக அல்ல, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டவே தேவைப்பட்டது.

சர்க்கரையைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது

நடைமுறையில் எல்லாரும் முட்டிக்கொண்ட இடம் இது. கச்சா நிலையில் இருந்தால் மூக்கே சொல்லிவிடும்: கரும்பின் கச்சாச் சர்க்கரையில் வெல்ல வாசம், பீட்டின் கச்சாச் சர்க்கரையில் மண்வாடை கலந்த கசப்பு நெடி. சுத்திகரித்துவிட்டால் இரண்டும் ஒரே சுக்ரோஸ். அன்றைய ஆய்வுக் கருவியான போலாரிமீட்டரில் 26 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்து 100 மில்லி கரைசலாக்கி, 200 மில்லிமீட்டர் குழாயில் ஊற்றி, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள். தூய்மை 96 பாகையா, 99 பாகையா என்று தெரியும். கரும்பா, பீட்டா என்று தெரியாது. ஜெர்மனியா, ரஷ்யாவா என்பது அறவே தெரியாது. இன்று கரும்பையும் பீட்டையும் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தால் பிரித்துவிடலாம். அப்போது அந்த வசதி இல்லை.

அதனால் வரியின் கனம் முழுதும் ஒரு காகிதத்தின் மேல் விழுந்தது. அது பிறப்பிடச் சான்றிதழ். விளைந்த நாடு, மூட்டையின் குறி, எண், எடை எல்லாம் சரக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஹாம்பர்க்கிலோ திரியெஸ்த்திலோ துறைமுகக் கிடங்கில் சாக்கு மாற்றினால் குறி போய்விடும். இரண்டு நாட்டுக் கச்சாச் சரக்கை ஒரே ஆலையில் உருக்கினால், வெளியே வரும் சர்க்கரைக்கு எந்த ஊர் என்று எழுதுவது? கப்பல் கடலில் இருக்கும்போதே ஊக்கத்தொகை விகிதம் மாறினால் எந்தத் தேதியின் விகிதம் செல்லும்? தண்ட வரியும் தடையும் என இரண்டு வழி இருந்தும், பிரிட்டன் 1903 சட்டத்தில் தடையைத் தேர்ந்தெடுத்தது. தடைக்கும் பிறப்பிடம் தெரிய வேண்டும்தான். ஆனால் எவ்வளவு என்ற கணக்கு மிச்சம். ரஷ்யச் சர்க்கரை அப்படித்தான் நின்றது. அதுவும் நெடுநாள் ஓடவில்லை. 1908 செப்டம்பரிலிருந்து மானியச் சர்க்கரையைத் தண்டிக்கும் கடமையிலிருந்து விலகிக்கொண்ட பிரிட்டன், 1913இல் உடன்படிக்கையை விட்டே வெளியேறியது.

தமிழில் எப்படி எழுதுவது

வரிக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று தொடங்கும் குறளில் (756) வரும் உல்கு சுங்கம்தான். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர். இலங்கையில் தீர்வை என்பார்கள். சரக்குப் பெயரிலும் வணிக வழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரல், கூழாங்கல் என்று பொருள்படும் ‘சர்க்கரா’விலிருந்து சர்க்கரை, சீனத்தின் பெயரால் சீனி, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் மாவட்டத்து அஸ்கா ஊர் ஆலையின் பெயரால் ‘அஸ்கா’.

தகராறு முன்னொட்டில்தான். ‘எதிர் வரி’, ‘எதிரீட்டு வரி’ என்று எழுதுவோர் உண்டு. ‘கவுன்டர்’ என்பதை அப்படியே பெயர்த்த முயற்சி. ஆனால் ‘எதிர்’ என்றதும் படிப்பவர் மனம் பதிலடிக்குப் போய்விடுகிறது. நீ என் சரக்குக்கு வரி போட்டாய், நான் உன் சரக்குக்குப் போடுகிறேன் என்பது பதிலடி வரி. அதற்கு அளவு கிடையாது. இங்கே அளவுதான் உயிர். ‘நட்டத்தை ஈடுகட்டினான்’ என்று நாம் பேசும்போது சரியாக அந்த அளவுக்கு என்ற பொருள் தானே வந்துவிடுகிறது. ஆகவே ‘ஈடுகட்டு வரி’ என்பதே எங்கள் தேர்வு. முதல் முறை வரும் இடத்தில் ‘மானிய ஈடுகட்டு வரி’ என்று முழுதாக எழுதினால் குழப்பமே இராது.

1975 சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இருப்பது இதுதான். 9ஏ பிரிவில் இருப்பது பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி-டம்பிங் டியூட்டி). உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தமும் இந்த வரிக்கு மானிய அளவே மேல்வரம்பு என்கிறது. மானியம் சரக்கு மதிப்பில் 1 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், வளரும் நாடானால் பொதுவாக 2 விழுக்காடு வரை, விசாரணையைக் கைவிட வேண்டும். விதித்த வரியும் மறு ஆய்வில் நீட்டிக்கப்படாவிட்டால் 5 ஆண்டில் காலாவதியாகும். 1899இல் மானியச் சர்க்கரை மேல் வரி போட்ட அதே இந்தியாவின் கரும்பு மானியங்கள் விதிமீறல் என்று 2021 டிசம்பரில் அந்த அமைப்பின் குழு தீர்ப்புச் சொன்னது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்கு. இந்தியா மேல்முறையீடு செய்திருக்கிறது.

இன்னொரு ‘சிவிடி’ அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் வந்த கூடுதல் சுங்கம். உள்நாட்டுச் சரக்கு கலால் வரி கட்டுகிறது, இறக்குமதிச் சரக்கும் அதே அளவு கட்டட்டும் என்று போட்டது. இதில் வெளிநாட்டு மானியம் என்ற பேச்சே இல்லை. இதற்குச் ‘சமன்செய் வரி’ பொருந்தும். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபின் பெரும்பாலான சரக்குகளுக்கு இதன் இடத்தை ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) எடுத்துக்கொண்டது. அதனால் பழைய பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவத்தில், ‘சிவிடி’ என்று கண்டால் முதலில் தேதியைப் பாருங்கள், அடுத்துப் பிரிவு எண்ணைப் பாருங்கள். 2017 ஜூலைக்கு முந்தையதாய், 3ஆம் பிரிவு என்றிருந்தால் சமன்செய் வரி. 9ஆம் பிரிவு என்றிருந்தால் ஈடுகட்டு வரி. கூடவே எந்த நாட்டுச் சரக்கு என்பதும் அதில் எழுதியிருக்கும்.